டாம் டூலி: ஒரு கொலைப்பாட்டின் இசைத்தட்டு வரலாறு

'டாம் டூலி' அமெரிக்காவின் வடக்குக் கரோலினா மலைப்பகுதியில் பிறந்த ஒரு கொலைப்பாட்டு. 1866-ல் அங்கே நடந்த ஒரு கொலையையும், அதற்காக 1868-ல் தூக்கிலிடப்பட்ட ஒரு வாலிபனையும் பற்றியது. 1929-ல் முதன்முதலாக இசைத்தட்டில் ஏறியது. 1958-ல் கிங்ஸ்டன் ட்ரையோ என்ற மூவர் குழு பாடி வெளியிட்டபோது அமெரிக்காவின் விற்பனைப் பட்டியலில் முதலிடத்துக்குப் போனது. 1959 மே மாதம் முதன்முறையாக கிராமி விருதுகள் வழங்கப்பட்டபோது 'கன்ட்ரி அண்ட் வெஸ்டர்ன்' பிரிவின் பரிசு இதற்குத்தான் கிடைத்தது.

கன்ட்ரி இசை என்றதும் நமக்கு நாஷ்வில்லும் டெக்சஸும் மாட்டுக்காரத் தொப்பியும்தான் ஞாபகத்துக்கு வரும். ஆனால் அந்தப் பிரிவில் கொடுத்த முதல் பரிசை வாங்கிய பையன்கள் நம் வளைகுடாப் பகுதிக் கல்லூரி மாணவர்கள். நான் இருக்கும் சன்னிவேலிலிருந்து எல் கமினோ ரியல் சாலையைப் பிடித்து வடக்கே பன்னிரண்டு மைல் போனால் மென்லோ கல்லூரி. மூவரில் இருவர் அங்கே படித்தவர்கள். போகிற வழியிலேயே இடதுபுறம் ஸ்டான்ஃபோர்ட், மூன்றாமவர் அங்கே படித்தவர். தினமும் போய்வரும் சாலையில் இப்படி ஒரு கதை இருப்பது எனக்கு இங்கே வந்து பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது. பாட்டின் பயணத்தைத் தொடர்ந்து போனால், ஒவ்வொரு இசைத்தட்டின் லேபிளிலும் ஒவ்வொருவர் பெயர் இருக்கிறது. யாருடைய பெயர் எப்போது ஏறியது, யாருடையது ஏறாமல் போனது என்பதுதான் இந்தக் கட்டுரை.

கொலையும் வழக்கும்

பாட்டு நாயகனின் உண்மையான பெயர் தாமஸ் டூலா. அந்த மலைப்பக்கத்துப் பேச்சில் சொல்லின் கடைசியில் வரும் 'ஆ' ஓசை 'ஈ' ஆகிவிடும். 'ஆப்பரா'வை அவர்கள் 'ஆப்ரி' என்பார்கள். நாஷ்வில்லின் புகழ்பெற்ற வானொலி நிகழ்ச்சிக்கு 'கிராண்ட் ஓல் ஆப்ரி' என்று பெயர் வந்தது அப்படித்தான். டூலா டூலி ஆனதும் அதே வழியில்.

உள்நாட்டுப் போரில் தென்மாநிலங்களின் படையில், 42-ஆவது வடக்குக் கரோலினா ரெஜிமெண்டில் இருந்துவிட்டு 1865-ல் ஊர் திரும்பியவன் டூலா. வயது இருபதை ஒட்டி. வில்க்ஸ் மாவட்டத்தில் ஆன் மெல்ட்டன் என்ற மணமான பெண்ணோடு அவனுக்குப் போருக்கு முன்பிருந்தே தொடர்பு. ஆனின் உறவுக்காரப் பெண் லாரா ஃபாஸ்டரோடும் பழக்கம் ஏற்பட்டது. 1866 மே மாதக் கடைசியில் லாரா தன் அப்பாவின் குதிரையை எடுத்துக்கொண்டு வீட்டை விட்டுப் போனாள். அதன் பிறகு அவளை உயிரோடு பார்த்தவர் இல்லை. சில மாதங்கள் கழித்து, ஆழமில்லாத ஒரு குழியில் கத்திக்குத்துக் காயத்தோடு உடல் கிடைத்தது. அந்த இடத்தைத் தேட வழிகாட்டியது பாலின் ஃபாஸ்டர் என்ற இன்னொரு உறவுக்காரப் பெண்ணின் வாக்குமூலம். தனக்குப் பால்வினை நோய் வந்ததற்கு லாராதான் காரணம் என்று டூலா வஞ்சம் வைத்திருந்தான் என்பது அரசுத் தரப்பின் வாதம்.

டூலா எல்லை தாண்டி டென்னசிக்கு ஓடி, பெயரை மாற்றிக்கொண்டு ஜேம்ஸ் கிரேசன் என்பவரின் பண்ணையில் சில நாட்கள் வேலை பார்த்தான். தேடி வந்தவர்களுக்கு அவனைப் பிடித்துக் கொடுக்க உதவியவர் இந்தக் கிரேசன். பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடியும் வருவார். வழக்கில் டூலாவுக்காகக் கட்டணம் வாங்காமல் வாதாடியவர் மாநிலத்தின் முன்னாள் கவர்னர் செபுலான் வான்ஸ். உள்ளூரில் நியாயமான விசாரணை நடக்காது என்று வழக்கு ஸ்டேட்ஸ்வில்லுக்கு மாற்றப்பட்டது. முதல் தீர்ப்பு மரணதண்டனை. மேல்முறையீட்டில் மறுவிசாரணை உத்தரவானது. அதிலும் அதே தீர்ப்பு. 1868 மே 1-ஆம் தேதி ஸ்டேட்ஸ்வில்லில் தூக்கிலிட்டார்கள். அதற்கு முந்தின இரவு, கொலையில் தன்னைத் தவிர வேறு யாருக்கும் பங்கில்லை என்று எழுதிக் கொடுத்திருந்தான். அந்தச் சீட்டினால் ஆன் மெல்ட்டன் விடுதலையானாள். ஆனால் தூக்குமேடையில் பேசும்போது தான் லாராவுக்கு ஒரு தீங்கும் செய்யவில்லை என்றான் என்கிறார்கள். கொன்றது யார் என்பதில் வில்க்ஸ் மாவட்டத்தில் ஆனைச் சொல்பவர்கள் எப்போதும் உண்டு.

இப்படி ஒரு விவகாரம் நடந்தால் பாட்டுப் பிறக்காமல் இருக்குமா? தாமஸ் லாண்ட் என்ற உள்ளூர்க்காரர் லாராவின் கொலையை நீண்ட செய்யுளாகவே எழுதினார். மற்றவை வாய்மொழியாகப் பரவின. நம் ஊரில் இதற்கு ஈடான வகை கொலைச்சிந்து. ஊரை உலுக்கிய கொலையோ ரயில் விபத்தோ நடந்த கொஞ்ச நாளுக்குள் சிந்து மெட்டில் பாட்டுக்கட்டி, மட்டமான தாளில் அச்சடித்து, சந்தையிலும் திருவிழாவிலும் பாடிப்பாடியே காலணா அரையணாவுக்கு விற்பார்கள். சென்னையில் குஜிலிக்கடைத் தெரு இதற்குப் பேர்போனது. வில்லுப்பாட்டில் கொலையுண்டவர்கள் தெய்வமாகவும் ஆவார்கள். முத்துப்பட்டன் கதை அப்படிப்பட்டது. அப்பலாச்சிய மலைப்பாட்டில் செத்தவர் தெய்வமாவதில்லை. மற்றபடி இரண்டும் ஒன்றுவிட்ட சகோதரர்கள்.

முதல் இசைத்தட்டு

1929-ல் விக்டர் நிறுவனம் மெம்பிஸ் நகரில் நடத்திய ஒலிப்பதிவில் கிரேசன் - விட்டர் என்ற இரட்டையர் 'டாம் டூலி'யைப் பாடினார்கள். ஜி. பி. கிரேசன் கண்பார்வை பெரும்பாலும் இழந்தவர். ஃபிடில் வாசித்துக்கொண்டே பாடுவார். கிடார் ஹென்றி விட்டர். டூலாவைப் பிடித்துக் கொடுத்த ஜேம்ஸ் கிரேசனின் குடும்பத்தைச் சேர்ந்தவர்தான் இந்தப் பாடகர். அதாவது பிடித்துக் கொடுத்தவரின் வீட்டார் வாயிலிருந்துதான் பாட்டு முதலில் மெழுகில் பதிவாகியது. கிரேசனின் பெயர் பாட்டுக்குள் நிலைத்துவிட்டதில் ஆச்சரியமில்லை.

தட்டு பெரிதாக விற்கவில்லை. அந்த ஆண்டு அக்டோபரில்தான் வால் ஸ்ட்ரீட் சரிந்தது, மலைநாட்டு மக்கள் கையில் இசைத்தட்டு வாங்கக் காசு இல்லாமல் போனது. அடுத்த ஆண்டே, காரின் பக்கவாட்டுப் படியில் நின்றபடி போய்க்கொண்டிருந்த கிரேசன் விபத்தில் இறந்தார்.

ஃபிராங்க் பிராஃபிட்

இனி வருவது கதையின் முக்கியமான கிளை. 1938-ல் நியூயார்க்கிலிருந்து ஃபிராங்க் வார்னரும் அவர் மனைவி ஆனும் வடக்குக் கரோலினாவின் பீச் மலைக்கு வந்தார்கள். வார்னருக்கு வேலை ஒய்.எம்.சி.ஏ.யில், நாட்டுப்பாட்டு சேகரிப்பது பொழுதுபோக்கு. டல்சிமர் என்ற தந்திவாத்தியம் செய்யும் நேதன் ஹிக்ஸ் என்பவரைப் பார்க்க வந்தவர்கள், அங்கே ஹிக்ஸின் மருமகன் ஃபிராங்க் பிராஃபிட்டைச் சந்தித்தார்கள். பிராஃபிட் 1913-ல் பிறந்தவர். புகையிலை விவசாயம், தச்சுவேலை, ஓய்வில் பேஞ்சோ செய்வது. அவர் வார்னருக்குப் பாடிக்காட்டியவற்றில் ஒன்று 'டாம் டூலி'. அதைத் தகப்பனாரிடமிருந்து கற்றிருந்தார். அவருடைய பாட்டிக்கு டூலாவையும் லாராவையும் நேரிலேயே தெரியும். பிராஃபிட்டுக்கு அது வெறும் பாட்டல்ல, வீட்டுக் கதை.

வார்னர் அதை எழுதிக்கொண்டு போனார். போகுமிடமெல்லாம் பாடினார். பாடும்போது கொஞ்சம் சுருக்கினார், மெட்டையும் தன் வாய்க்கு ஏற்றபடி சற்று மாற்றினார். பின்னால் நாட்டுப்பாட்டு ஆய்வாளர் ஆலன் லோமாக்சுக்குக் கற்றுக் கொடுத்தார். 1947-ல் ஜான் லோமாக்சும் ஆலன் லோமாக்சும் சேர்ந்து வெளியிட்ட 'ஃபோக் சாங் யு.எஸ்.ஏ.' என்ற தொகுப்பில் அது அச்சானது. 1952-ல் வார்னர் தாமே எலெக்ட்ரா நிறுவனத்துக்குப் பாடிக் கொடுத்தார்.

அச்சில் வந்த வடிவத்தில் இரண்டே கார்டுகள். மெட்டு ஏறக்குறைய மோகனத்தின் ஐந்து சுரங்களுக்குள் அடங்கிவிடும். கிடார் வாங்கிய முதல் வாரத்தில் யார் வேண்டுமானாலும் வாசித்துவிடலாம். அது பரவியதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

மூன்று பையன்கள்

டேவ் கார்டும் பாப் ஷேனும் ஹவாய்க்காரர்கள், பள்ளித் தோழர்கள். கார்ட் ஸ்டான்ஃபோர்டுக்கு வந்தார், ஷேன் மென்லோ கல்லூரிக்கு. அங்கே ஷேனுக்கு நிக் ரெனால்ட்ஸ் சிநேகிதர் ஆனார். ஸ்டான்ஃபோர்டுக்கு அருகே 'கிராக்ட் பாட்' என்ற பீர்க் கடையில் மூவரும் பாடுவார்கள். அப்போது கலிப்ஸோ மோகம், பெல்லஃபாண்டேயின் காலம். 'கிங்ஸ்டன்' என்ற பெயரே ஜமைக்காவின் தலைநகரிலிருந்து எடுத்ததுதான். ஃபிராங்க் வெர்பர் என்பவர் இவர்களைப் பார்த்துப் பிடித்துப்போய் மேலாளர் ஆனார். முதல் ஒப்பந்தத்தை மேஜைக் காகிதக் கைக்குட்டையில் எழுதினார்களாம்.

அன்றைய சன்னிவேலைக் கற்பனை செய்துகொள்வது இன்றைக்குக் கஷ்டம். சுற்றிலும் ஏப்ரிகாட், பிளம் தோட்டங்கள்; பழம் டப்பாவில் அடைக்கும் தொழிற்சாலைகள். லாக்ஹீட் 1956-ல்தான் வந்தது. சிலிக்கான் என்ற சொல்லுக்கு அப்போது இந்தப் பள்ளத்தாக்கோடு சம்பந்தமே இல்லை.

1957-ல் மூவருக்கும் சான் ஃபிரான்சிஸ்கோவின் 'பர்ப்பிள் ஆனியன்' என்ற நிலவறை விடுதியில் பாட வாய்ப்புக் கிடைத்தது. ஒரு வாரத்துக்கு என்று ஆரம்பித்தது ஏழு மாதமாக நீண்டது. அங்கே வாய்ப்புக் கேட்டு வந்த ஒரு மனோதத்துவ நிபுணர் பாடிக்காட்டியபோதுதான் 'டாம் டூலி'யை முதலில் கேட்டோம் என்று குழுவினர் பின்னால் சொன்னார்கள். அவருக்கு வாய்ப்புக் கிடைக்கவில்லை. அவர் பாடிய பாட்டுக்குக் கிடைத்தது.

கேப்பிட்டல் நிறுவனம் இவர்களை ஒப்பந்தம் செய்தது. தயாரிப்பாளர் வாய்ல் கில்மோர். 1958 பிப்ரவரியில் ஹாலிவுட்டின் கேப்பிட்டல் கட்டடத்தில் மூன்றே நாளில் முழு ஆல்பமும் பதிவானது. பேஞ்சோ கார்ட், கிடார்கள் ஷேனும் ரெனால்ட்ஸும், விடுதியில் கூட வாசித்த பஸ் வீலர் பாஸ். பெரிய வாத்தியக் கோஷ்டியோ எதிரொலி ஜாலமோ கிடையாது. 'டாம் டூலி'யில் பிரதானக் குரல் ஷேனுடையது. தொடக்கத்தில் தாழ்ந்த குரலில் ஒரு சிறு முன்னுரை பேசுபவர் கார்ட்.

அந்த முன்னுரையில்தான் கதை தடம் மாறுகிறது. இது ஒரு முக்கோணக் காதல் கதை என்று அறிமுகம் செய்து, ஒரு கிரேசன், ஓர் அழகி, தண்டனை பெற்ற டூலி என்று மூன்று மூலைகளைச் சொல்கிறார் கார்ட். பண்ணையில் வேலை கொடுத்துப் பின் பிடித்துக் கொடுத்த மனிதர் காதல் போட்டியாளராகிவிட்டார். உண்மையான முக்கோணத்தின் மூன்றாம் மூலையான ஆன் மெல்ட்டன் காணாமலே போய்விட்டாள். சரணங்களை உதிர்த்து உதிர்த்துச் சுருக்கும்போது பெயர்கள் மட்டும் மிஞ்சும்; அந்தப் பெயர்களுக்கு அடுத்து வருபவர்கள் புதுக் கதை கட்டிக்கொள்வார்கள். நம் கதைப்பாடல்களிலும் நடப்பது இதுதான். ஆனால் அங்கே இது நூறு வருடத்தில் நடக்கும். இங்கே ஓர் இசைத்தட்டு ஒரே பருவத்தில் நாடு முழுக்கச் செய்துவிட்டது.

வெளியீடு

ஆல்பம் 'தி கிங்ஸ்டன் ட்ரையோ' என்ற பெயரில் (டி 996) 1958 ஜூனில் வந்தது. 'டாம் டூலி' அதில் வெறும் ஒரு பாட்டு; தனித்தட்டாக விடும் எண்ணம் நிறுவனத்துக்கு இருக்கவில்லை. முதல் தனித்தட்டாக அவர்கள் தேர்ந்தெடுத்தது 'ஸ்கார்லெட் ரிப்பன்ஸ்' என்ற பாட்டை. யூட்டா மாநிலத்தின் சால்ட் லேக் நகரில் பால் கோல்பர்ன், பில் டெர்ரி என்ற இரண்டு வானொலி அறிவிப்பாளர்கள் ஆல்பத்திலிருந்து 'டாம் டூலி'யை மட்டும் எடுத்துத் திரும்பத் திரும்ப ஒலிபரப்பினார்கள். மற்ற ஊர் வானொலிக்காரர்களிடமும் சொன்னார்கள். கடைகளில் ஆட்கள் கேட்க ஆரம்பித்ததும் கேப்பிட்டல் ஆகஸ்டில் அதைத் தனித்தட்டாக (4049) வெளியிட்டது. பின்பக்கம் 'ரூபி ரெட்'.

பில்போர்டு பத்திரிகையின் 'ஹாட் 100' பட்டியலும் அந்த ஆகஸ்டில்தான் பிறந்தது. நவம்பர் 17-ஆம் தேதிப் பட்டியலில் 'டாம் டூலி' முதலிடத்தில் இருந்தது, ஒரே ஒரு வாரம். தட்டு முப்பது லட்சத்துக்கும் மேல் விற்றது. பிரிட்டனில் லோனி டானகன் பாடிய பதிப்பு கிங்ஸ்டன் ட்ரையோவின் பதிப்பையே முந்தியது. 1959-ல் மைக்கேல் லாண்டன் நடிக்க ஒரு படமும் வந்தது. வழக்கில் நடந்ததற்கும் படத்துக்கும் பெயர்ப் பொருத்தம் மட்டும்தான்.

கிராமி விஷயத்துக்கு வருவோம். முதல் ஆண்டு விருதுகளில் நாட்டுப்பாட்டுக்கென்று பிரிவு கிடையாது. பேஞ்சோ இருக்கிறது, மலைநாட்டுக் கதை இருக்கிறது, ஆகவே கன்ட்ரியில் போட்டுவிட்டார்கள் போலிருக்கிறது. நாஷ்வில்காரர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ராக் அண்ட் ரோல் தங்கள் சந்தையைத் தின்றுகொண்டிருக்கிறது என்று பயந்து 1958-ல்தான் அவர்கள் கன்ட்ரி மியூசிக் அசோசியேஷனை ஆரம்பித்திருந்தார்கள். அடுத்த சுற்றிலேயே நாட்டுப்பாட்டுக்குத் தனிப் பிரிவு வந்துவிட்டது. அதையும் கிங்ஸ்டன் ட்ரையோவே வாங்கியது.

என் கருத்தைக் கேட்டால், பரிசு கொடுத்தவர்கள் தெரியாமல் சரியாகச் செய்தார்கள். கன்ட்ரி என்று விற்கப்படும் இசைக்கு மூலம் கிரேசன் - விட்டர் போன்றவர்கள்தான். பாட்டு அங்கிருந்து வந்ததுதானே. பரிசு போன கைதான் வேறு.

யாருடைய பாட்டு

கேப்பிட்டலின் லேபிளில் மரபுப்பாட்டு என்று குறிப்பிட்டு, அமைத்தவர் என்று டேவ் கார்டின் பெயர் போட்டிருந்தது. மரபுப்பாட்டு யாருக்கும் சொந்தமல்ல, எனவே அமைத்தவருக்கே பதிப்புரிமைப் பணம். அன்றைக்கு வழக்கமாகச் செய்ததுதான். ஆனால் அவர்கள் பாடியது பொத்தாம்பொதுவான மரபுப்பாட்டு அல்ல. பிராஃபிட் பாடி, வார்னர் சுருக்கி, லோமாக்ஸ் அச்சிட்ட குறிப்பிட்ட வடிவம். லோமாக்ஸ், வார்னர் தரப்பின் உரிமையை வைத்திருந்த லட்லோ மியூசிக் நிறுவனம் வழக்குப் போட்டது. 1962-ல் சமரசம் ஆனது. அதற்குப் பிறகு வரும் வருமானத்தில் லோமாக்ஸ், வார்னர், பிராஃபிட் மூவருக்கும் பங்கு என்று முடிவு. தட்டு லட்சக்கணக்கில் விற்றது 1958-லும் 59-லும். 1962-க்குப் பிறகு எவ்வளவு மிச்சமிருந்திருக்கும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

எனக்கு இந்தக் கணக்கில் ஒரு கூடுதல் சிக்கல் தெரிகிறது. மூவருக்குப் பங்கு கொடுத்தாயிற்று, பிராஃபிட்டின் தகப்பனாருக்கு? டூலாவைப் பார்த்திருந்த பாட்டிக்கு? கிரேசன் குடும்பத்துக்கு? சட்டத்துக்கு எங்கேயோ ஒரு கோடு கிழித்தாக வேண்டும். தாளில் பெயர் இருக்கும் இடத்தில் அது கிழித்தது. நா. வானமாமலை 'தமிழர் நாட்டுப் பாடல்க'ளைத் தொகுத்தபோது பாட்டின் கீழே சேகரித்தவர் பெயரையும் இடத்தையும் பதிந்து வைத்தார். விளாத்திகுளம் என்று ஊர் இருக்கும், எஸ். எஸ். போத்தையா என்று சேகரித்தவர் இருப்பார். அந்த இரண்டு வரிகூட இல்லாமல் நம் சினிமாவுக்குள் போன கிராமத்து மெட்டுகள் எத்தனை!

பிராஃபிட் தன் பாட்டைக் கேட்டது வீட்டுக்குப் புதிதாக வந்த டெலிவிஷனில். அந்த அனுபவத்தைப் பின்னால் எழுதியிருக்கிறார். பளபளவென்று உடுத்திய ஆட்கள் அதைத் துள்ளலாகப் பாடியதைப் பார்த்து வயிற்றைப் பிசைந்ததாம். நெருங்கிய ஒருவரை இழந்ததுபோல் வெளியே போய் மலையைப் பார்த்துக்கொண்டு அழுதிருக்கிறார். பணம் போன வருத்தம் அந்த எழுத்தில் தென்படவில்லை. குடும்பத்தோடு இருந்த ஒன்று எல்லோருடையதும் ஆகிவிட்டதே என்ற துக்கம்தான். பின்னர் மனம் தேறி, மற்றவர்களின் வழியையும் புரிந்துகொள்ள முயன்றதாகவும் சொல்கிறார்.

தட்டு வெற்றியடைந்ததால் மூலப்பாடகர் யார் என்று தேடி வந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். 1961-ல் சிகாகோ பல்கலைக்கழக நாட்டுப்பாட்டு விழாவுக்குப் பிராஃபிட்டை அழைத்தார்கள். ஃபோக்-லெகசி என்ற புதிய நிறுவனத்தின் முதல் வெளியீடே 1962-ல் வந்த அவருடைய இசைத்தட்டு. ஃபோக்வேஸும் அதே ஆண்டு ஒன்று வெளியிட்டது. அவர் செய்த பேஞ்சோக்களுக்கு வெளியூரிலிருந்து ஆர்டர் வந்தது. விவசாயத்தையும் விடவில்லை. 1965 நவம்பரில், 52 வயதில் இறந்தார்.

டேவ் கார்ட் 1961-லேயே குழுவிலிருந்து விலகினார், 1991-ல் காலமானார். ரெனால்ட்ஸ் 2008-ல். கடைசியாக இருந்த பாப் ஷேன் 2020 ஜனவரியில். அவர்களுடைய 'டாம் டூலி' 2008-ல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

கேட்க விரும்புகிறவர்களுக்கு: எல்லாமே இப்போது இணையத்தில் கிடைக்கிறது. முதலில் 1929-ன் கிரேசன் - விட்டர். கீறல் சத்தத்துக்கு நடுவில் ஃபிடில் சற்று அவசரமாகவே ஓடும், சோகம் காட்ட நேரமே எடுத்துக்கொள்ளாது. அடுத்து 1962-ன் பிராஃபிட். பேஞ்சோவில் தந்தித் தந்தியாக, பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றிப் பேசுவது மாதிரி. அதன்பின் 1958-ன் கிங்ஸ்டன் ட்ரையோவைக் கேட்டால் பிராஃபிட் ஏன் அழுதார் என்பதும், முப்பது லட்சம் பேர் ஏன் வாங்கினார்கள் என்பதும் இரண்டுமே விளங்கும். கடைசியில் டாக் வாட்சன், 1964. அவரும் பார்வையிழந்தவர், பிராஃபிட்டின் அதே வட்டாகா மாவட்டத்துக்காரர். தன் பாட்டியிடம் கேட்ட வேறு மெட்டில், ஹார்மோனிகாவோடு, உற்சாகமாகவே பாடுகிறார். டூலா குற்றமற்றவன் என்பது அவர் குடும்பத்து நம்பிக்கை. வாட்சனின் கொள்ளுப்பாட்டி, ஆன் மெல்ட்டன் சாகும்போது பக்கத்தில் இருந்தவர்.